கணக்கு டீச்சர் முந்தி அறிவித்த வெற்றி

நான் தலவாக்கலையில் ஒரு பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். என் மாணவர்கள் இதை வாசிக்க மாட்டார்கள் என்ற நம்பிக்கையில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். வாழ்க்கையில் ஆக அதிகம் பேர் பார்த்துக்கொண்டிருக்க நான் போட்ட கூட்டல் கணக்கு ஒன்று உண்டு. அது பிழையாகிப்போனது. ஒன்றே ஒன்றுதான் கூடிவிட்டது. அந்த ஒன்றால் என் அண்ணனுக்கு மாரடைப்பு வராமல் போனது அவனுடைய நல்ல காலம்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. ராகலைப் பக்கம் எங்கள் தோட்டத்துப் பாடசாலையிலேயே வேலை கிடைத்து நாலு மாதம் ஆகியிருந்தது. (நாலு மாதத்தில் ஒரு மனுஷிக்கு எவ்வளவு தலைக்கனம் ஏறலாம் என்று தெரிய வேண்டுமானால் என்னிடம் கேளுங்கள்.) லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள் டீச்சராகிவிட்டாள் என்று தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரும் பஸ்ஸில் எழும்பி இடம் கொடுத்தார்கள். நானும் கூச்சமே இல்லாமல் உட்கார்ந்தேன்.

எங்கள் தோட்டத்தில் மேல் டிவிசன், கீழ் டிவிசன் என்று இரண்டு பிரிவுகள். நாங்கள் மேல். ஒவ்வொரு வருடமும் சுற்றுவட்டாரத் தோட்டங்கள் சேர்ந்து கிரிக்கெட் போட்டி நடத்தும். கோப்பை பல வருடங்களாகக் கீழ் டிவிசனில்தான் குடியிருந்தது. அதை அவர்கள் பிள்ளைக்காம்பராவின் ஜன்னலில், வேலைக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச்செல்லும் அந்த இடத்தில், ரோட்டுக்குத் தெரியும்படி வைத்திருந்தார்கள். பஸ்ஸுக்குப் போகும்போதெல்லாம் எங்கள் ஆட்கள் அந்தப் பக்கம் திரும்பாமல் மலையைப் பார்த்துக்கொண்டே நடப்பார்கள்.

நாங்களும் இரண்டு தடவை இறுதி ஆட்டம் வரை போனோம். முதல் தடவை ஆட்டம் முடிவதற்கு முன்பே ஆட்டுக்கறி கொதித்துவிட்டது. தோற்றபின் அதை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டோம். இரண்டாம் தடவை நாலு ரன் மட்டும் தேவை என்றபோது ஒருவர் மாலை வாங்கிவர ஆள் அனுப்பினார். மாலை வந்து சேர்ந்தபோது போட்டுக்கொள்ள ஆள் இல்லை. கொண்டுபோய்ப் பிள்ளையாருக்குச் சாத்தினோம்.

ஆகவே மூன்றாம் தடவை இறுதிக்கு வந்தபோது, அணித் தலைவனான என் அண்ணன் சிவா கோயிலடியில் எல்லாரையும் கூட்டிச் சட்டம் போட்டான். அண்ணன் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவன். அதிகம் பேசாதவன். அன்றைக்குப் பேசினான்.

"கடைசி ரன் ஓடி முடியுற வரைக்கும் யாரும் ஜெயிச்சோம்னு சொல்லக் கூடாது. பட்டாசு பையிலயே இருக்கணும். அடுப்புல எதுவும் ஏறக் கூடாது. கப்புங்குற வார்த்தையே வாயில வரக் கூடாது."

"அப்ப அத என்னான்னு சொல்றது?" என்று கேட்டார் முனியாண்டி அண்ணன். அவர் எங்கள் அணியின் பதினோராவது ஆள். பந்து நன்றாகப் போடுவார். மட்டையைப் பிடித்தால் மண்வெட்டி பிடிப்பது போலவே இருக்கும். பட்டாசுப் பை அவர் பொறுப்பில் இருந்தது.

சிவா கொஞ்சம் யோசித்தான். "பாத்திரம்னு சொல்லுங்க."

அந்த வாரம் முழுக்க மேல் டிவிசனில் எல்லாரும் பாத்திரத்தைப் பற்றியே பேசினார்கள். வெளியாள் யாராவது கேட்டிருந்தால் எங்கள் வீடுகளில் சட்டி பானைக்குப் பெரிய தட்டுப்பாடு என்று நினைத்திருப்பார்.

ஸ்கோர் எழுதும் வேலை எனக்கு வந்தது. கணக்கு டீச்சர் ஆயிற்றே. கோயில் ஒலிபெருக்கியை மரத்தில் கட்டி மைக்கையும் என் கையில் தந்தார்கள். பக்கத்து மேசையில் கீழ் டிவிசனுக்காக எழுதியவர் தவராசா சேர். யாழ்ப்பாணத்திலிருந்து எங்கள் பாடசாலைக்கு விஞ்ஞானம் படிப்பிக்க வந்து, கீழ் டிவிசனில் அறை எடுத்துத் தங்கியிருந்தவர். நடுவராகப் பக்கத்துத் தோட்டத்துக் கண்டாக்கு ஐயா வந்திருந்தார். கொழுந்து மலையில் ஆட்களை மேற்பார்த்துப் பழகியவர் என்பதால், அவர் தொப்பியை அசைத்தாலே எல்லாரும் அடங்குவார்கள்.

கீழ் டிவிசன் எட்டு ஓவரில் அறுபத்திரண்டு ரன் எடுத்தது. எங்களுக்கு அறுபத்து மூன்று வேண்டும். சமமாக முடிந்தால் கோப்பை பழைய இடத்திலேயே இருக்கும் என்பது விதி.

எங்கள் ஆட்டம் நன்றாகவே போனது. முதல் நாலு ரன் விழுந்தபோது அம்மா தற்செயலாகக் குடையை விரித்திருந்தார். அதனால் மழை இல்லாவிட்டாலும் குடையை மடக்கக் கூடாது என்று பின்னாலிருந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். அவர்களுக்கே குடை மறைத்தது. ஆனாலும் சகித்துக்கொண்டார்கள்.

ஆறாவது ஓவரில் மூடுபனி இறங்கியது. ஆட்டக்காரர்கள் எல்லாரும் வெள்ளைத் துணிக்குப் பின்னால் நடமாடுவது போலத் தெரிந்தார்கள். ஒரு பந்து போன பிறகு நடுவர் இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டுவதைக் கண்டேன். வைட் என்று ஒரு ரன் எழுதிக்கொண்டேன்.

ஓவர் முடிந்ததும் தவராசா சேர் என் பக்கம் சாய்ந்தார். "டீச்சர், இரண்டு பேரின்ர கணக்கையும் ஒருக்கா சரி பாப்பமே?"

"தேவையில்ல சேர்," என்றேன். "நான் கணக்கு டீச்சர்."

(இந்த வாக்கியம் இன்றும் குளிக்கும்போது திடீரென்று நினைவுக்கு வரும். தண்ணீரை வேகமாக ஊற்றிக்கொள்வேன்.)

கடைசி ஓவர் வந்தது. எட்டு விக்கெட் போய்விட்டது. மட்டை சிவாவின் கையில். மூன்று பந்து போனபின் என் கணக்கில் இன்னும் இரண்டே ரன். மேல் டிவிசன் ஆட்கள் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முனியாண்டி அண்ணன் பட்டாசுப் பையின் வாயை இறுக்கிப் பிடித்திருந்தார்.

நாலாவது பந்தைச் சிவா தட்டிவிட்டு ஓடினான். ஒன்று. திரும்பி ஓடினான். இரண்டு. மட்டை கோட்டைத் தொட்டதை நான் என் கண்ணால் பார்த்தேன். ஸ்கோர் கொப்பியில் அறுபத்து மூன்று.

அண்ணன் போட்ட சட்டம், பிள்ளையாருக்குப் போன மாலை, ஆறிப்போன கறி எல்லாம் அந்த நிமிஷத்தில் எனக்கு மறந்துபோனது. மைக்கை வாயருகே வைத்து, மலை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்:

"மேல் டிவிசன் வெற்றி. கப்பு நமக்குத்தான்."

முனியாண்டி அண்ணன் அத்தனை பட்டாசையும் ஒரே சரமாகக் கொளுத்தினார். தப்பு மேளம் அடிக்கிறவர்கள் அடிக்கத் தொடங்கினார்கள். சனம் மைதானத்துக்குள் இறங்கியது. அம்மா குடையை மடக்கினார். சிவா மட்டையைத் தூக்கிப் போட்டுவிட்டு, மறுமுனையில் ஆடிக்கொண்டிருந்த குமாரைக் கட்டிப்பிடிக்கக் கோட்டைத் தாண்டி ஓடினான்.

கீழ் டிவிசனின் விக்கெட் காப்பாளர் மட்டும் எங்கும் ஓடவில்லை. வந்த பந்தைப் பிடித்தார், குச்சிகளைத் தட்டிவிட்டார், நடுவரைப் பார்த்தார்.

"ஐயா, அவரு கோட்டுல இல்லீங்க."

கண்டாக்கு ஐயா தொப்பியை அசைத்தார். தப்பு நின்றது. அவர் நேரே எங்கள் மேசைக்கு வந்தார்.

"அறுவத்து மூணு," என்றேன்.

"அறுவத்திரண்டு," என்றார் தவராசா சேர் மெதுவாக.

ஓவர் ஓவராகப் பார்த்தார்கள். ஆறாவது ஓவரில் கண்டாக்கு ஐயாவின் விரல் நின்றது.

"இந்த வைட்டு எங்கேர்ந்து வந்துச்சு டீச்சர்?"

"நீங்கதான் கையை நீட்டுனீங்க ஐயா."

அவர் என்னைப் பார்த்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "எனக்குத் தோள்பட்டை வலிங்க. குளிருக்குக் கொஞ்சம் நீட்டி மடக்குனேன்."

அந்த மேசைக்கு அடியில் ஒரு குழி இருந்திருந்தால் நான் இன்று இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். சிவா மைதான நடுவில் அப்படியே நின்றான். இரண்டு அணிகளின் ஸ்கோரும் சமம், அவன் ஆட்டமிழந்தான், மிச்சம் இரண்டு பந்து. சமமாக முடிந்தால் கோப்பை இல்லை. அவன் என்னைத் திட்டுவான் என்று காத்திருந்தேன்.

"கலா, அந்த மைக்க கீழ வை," என்றான். அவ்வளவுதான்.

கடைசி ஆளான முனியாண்டி அண்ணனைத் தேடிப் பிடித்தார்கள். விரலெல்லாம் பட்டாசுக் கரி. மட்டையைக் கையில் கொடுத்துவிட்டுச் சிவா அவர் தோளைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, அடிக்க வேணாம். பந்து பட்டா ஓடுங்க. படாட்டியும் ஓடுங்க."

"எந்தப் பக்கம்?" என்று கேட்டார் அவர்.

ஐந்தாவது பந்துக்கு அவர் கண்ணை மூடிக்கொண்டு மட்டையைச் சுழற்றினார். பந்து குச்சிகளுக்கு ஒரு விரல் மேலாகப் போனது. காப்பாளர் கைக்கு நேராகப் போனதால் ஓடவும் முடியவில்லை. பின்னாலிருந்து யாரோ அம்மாவிடம் சொன்னார்கள், "அக்கா, கொடையை விரிங்க." அம்மா விரித்தார். நான் கொப்பியை மூடிவிட்டு அதன்மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டேன். நல்லூர்க் கந்தசாமி முதல் எங்கள் தோட்டத்து மாரியம்மன் வரை எல்லாரிடமும் ஒரே ஒரு ரன்தான் கேட்டேன்.

கடைசிப் பந்து. பந்து வீசுகிறவர் பனியில் நனைந்த பந்தைக் காற்சட்டையில் திரும்பத் திரும்பத் துடைத்தார். ஓடி வந்து வீசினார். பந்து கைநழுவி எங்கோ பக்கவாட்டில் போனது. முனியாண்டி அண்ணன் அதையும் எட்டி அடிக்கப் பார்த்தார். நல்லவேளை, எட்டவில்லை.

கண்டாக்கு ஐயா இரண்டு கையையும் நீட்டினார்.

ஒருவரும் அசையவில்லை. அம்மா குடைக்கு அடியிலிருந்து என்னைப் பார்த்தார். சிவாவும் என்னைப் பார்த்தான். நான் யாரையும் பார்க்கவில்லை.

கண்டாக்கு ஐயா கையை நீட்டியபடியே எங்கள் மேசைப் பக்கம் திரும்பினார். "டீச்சர், இது தோள்பட்டை இல்லீங்க. வைட்டுதான்."

அப்போதும் நான் மைக்கைத் தொடவில்லை. தவராசா சேரிடம் கேட்டேன். அவர் பேனையால் ஒவ்வொரு ஓவராகத் தொட்டுக் கூட்டி, மறுபடி ஒரு தடவை கூட்டி, தலையை நிமிர்த்தினார். "அறுவத்து மூண்டு. நீங்கள் வெண்டிட்டியள் டீச்சர்."

வெடிக்கப் பட்டாசு இல்லை. கத்த யாருக்கும் தெம்பும் இல்லை. மேல் டிவிசன் முழுக்க ஈரப் புல்லில் அப்படியே உட்கார்ந்தது, கொழுந்துக்கூடையை இறக்கிவைத்த மாதிரி. முனியாண்டி அண்ணன் மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தார். இரண்டு பேர் போய் அவரை நிறுத்தினார்கள்.

சிவா தேநீர்க் கோப்பையோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். நான் அழத் தயாராக இருந்தேன். அவன் பாதித் தேநீரை என் கோப்பையில் ஊற்றினான். "உசுரு போயிட்டுத் திரும்பி வந்துருச்சு," என்றான். பிறகு சிரிக்கத் தொடங்கினான். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் கூடவே வந்தது.

அடுத்த வருடத்திலிருந்து இரண்டு அணிகளுக்கும் ஸ்கோர் எழுதுவது தவராசா சேர் ஒருவர்தான். எனக்குத் தேநீர் பரிமாறும் வேலை தந்தார்கள். அதிலும் கோப்பைகளை வேறொருவர்தான் எண்ணினார்.

என் கல்யாணத்தில் தாலி கட்டி முடிந்ததும் எல்லாரும் அட்சதை தூவப் போனார்கள். சிவா கையை உயர்த்தி நிறுத்தி, "மூணு முடிச்சும் விழுந்துச்சான்னு ஐயரக் கேளுங்க, பொண்ணக் கேக்காதீங்க," என்றான். மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒன்றும் புரியவில்லை. முழுக் கதையையும் மண்டபத்திலேயே சொல்லவேண்டியதாயிற்று.

இரண்டு வருடம் கழித்து நுவரெலியா ஆஸ்பத்திரியில் எனக்குப் பிரசவம். கஷ்டமான பிரசவம். எல்லாரும் பயந்துபோயிருந்தார்கள். கண்விழித்ததும் நானே போனை வாங்கிச் சிவாவைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, ரெட்டைப் புள்ளைங்க. ரெண்டும் நல்லா இருக்கு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுகிறான் என்று நினைத்தேன்.

"நீ எண்ணினியா," என்றான், "நர்ஸம்மா எண்ணினாங்களா?"