மூன்றும் மூன்றும் ஐந்து

"நாலும்மா."

"நேத்து அஞ்சுன்னு சொன்ன?"

"நீங்கதான் நாலுன்னு திருத்தினீங்க லா."

ஞானாம்பிகை பியானோ மூடியைப் பிடித்துக்கொண்டு மூச்சை இழுத்து விட்டாள். மகளின் இசைப் பரீட்சைக்கு மூன்று வாரம் இருந்தது. அதில் யாரும் வாசித்துக் காட்ட வேண்டியதில்லை; பரீட்சை வைக்க வரும் வெள்ளைக்காரர்தான் இரண்டு சுரங்களை வாசிப்பார். எத்தனையாவது இடைவெளி என்று கேட்டுச் சொல்ல வேண்டும். தாளில் காட்டினால் பார்த்துச் சொல்ல வேண்டும். அருந்ததிக்குப் பன்னிரண்டு வயது, விரல்கள் நன்றாக ஓடின. காதுதான் மோசம் என்று அவளே வந்து சொல்லியிருந்தாள்.

"பாஸாகலைன்னா இந்தப் பியானோ நிபோங் திபால்ல எங்கக்கா வீட்டுக்குப் போயிடும்" என்றார் கணவர் ஆனந்தராஜா, செய்தித்தாளை இறக்காமல். "அக்கா கேட்டுட்டே இருக்கு. நமக்கு சோபா போட இடம் கிடைக்கும்."

அந்தப் பியானோவைத் தினமும் துடைப்பவள் ஞானாம்பிகைதான். துடைக்கும்போது ஒரு கட்டை தவறுதலாக அழுந்தி ஒலித்தால், அது அடங்கும்வரை துணியை எடுக்காமல் நிற்பாள். சோபாவிடம் அப்படி நிற்க முடியாது.

மகளுக்குப் பியானோ சொல்லித்தரும் தெரேசா டீச்சருக்குப் போன் செய்தாள்.

"ஸியிலேருந்து ஜி வரைக்கும் நாலுதானே டீச்சர்?"

"அஞ்சு. எப்படி எண்ணுனீங்க?"

பதினான்கு வருடமாக நில அளவை அலுவலகத்தில் டைப் அடிக்கிறவள் எப்படி எண்ணுவாள்? ஐந்து எல்லைக்கல் நட்டால் நடுவில் நான்கு தூரம். ஒரு வாரமாக மகளின் சரியான விடைகளை எல்லாம் அழித்து, இப்படித்தான் திருத்தியிருந்தாள்.

"இங்க கல்லைத்தான் எண்ணணும் ஞானா. தூரத்தை இல்ல."

"அப்போ ஸியிலேருந்து இ மூணு. இயிலேருந்து ஜி மூணு. மூணும் மூணும் ஆறுதானே?"

"அஞ்சு. நடுக்கல்லை ரெண்டு தடவை எண்ணிட்டீங்க."

போனை வைத்தவள், தான் திருத்தியதை எல்லாம் அழித்து மகளை மறுபடி எழுத வைத்தாள். தாள் கிழிந்தது. அருந்ததி கொட்டாவி விட்டாள்.

எண்ணுவது சரியானதும் காது பாக்கி இருந்தது. தெரிந்த சத்தங்களோடு சேர்த்து நினைவில் வைக்கச் சொன்னார் டீச்சர். அன்று மாலையே ஞானாம்பிகை எதிர்வீட்டு அக்னஸின் அழைப்பு மணியை மூன்று முறை அழுத்தினாள். அக்னஸ் ஈரக்கையோடு ஓடி வந்தாள்.

"என்ன ஞானா, யாருக்கு என்ன?"

"மூணு, அக்னஸ்."

"மூணு என்ன?"

"உன் பெல். டிங்குக்கும் டாங்குக்கும் நடுவுல. பெரிய மூணு. சின்ன மூணுன்னும் ஒண்ணு இருக்கு."

அக்னஸ் மணியைப் பார்த்தாள், பிறகு ஞானாம்பிகையின் முகத்தைப் பார்த்தாள். "ஆபீஸ்ல ரொம்ப வேலையா?"

நான்காவது இடைவெளிக்கு ரொட்டிக்காரர் முகம்மது சுல்தானின் ஹாரன். அதன் ரப்பர் பந்தை அமுக்கினால் ஒரு சுரம், விட்டால் இன்னொன்று. மகளை இழுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

"இன்னொரு தடவை அமுக்குங்க அண்ணே."

"ரொட்டி வேணுமா அக்கா, ஹாரன் வேணுமா?"

இரண்டையும் வாங்கிக்கொண்டதுபோல் திருப்தியாக மேலே வந்தாள். ஒரு வாரம் ஹாரன் கேட்டதும் "நாலு!" என்று கத்தினாள் அருந்ததி. அடுத்த வாரமும் கத்தினாள். ஆனால் அது நான்காக இல்லை. ஞானாம்பிகை செருப்பில்லாமல் இறங்கி ஓடினாள்.

"அண்ணே, ஹாரனுக்கு என்ன ஆச்சு?"

"பழசு கிழிஞ்சிடுச்சு அக்கா. இது புதுசு. நல்லா இருக்குல்ல?"

"இது ஆறு அண்ணே!"

"இல்லக்கா, மணி இப்பத்தான் அஞ்சரை."

மாடிப்படி ஏறும்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஆறு என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தானாகக் கேட்டிருந்தது.

அதன்பிறகு நிறுத்த முடியவில்லை. ஆயர் ஈத்தாம் போகும் பஸ்ஸின் மணிக்கும் கண்டக்டரின் விசிலுக்கும் இடையே ஐந்து. மேலதிகாரி அவளைக் கூப்பிடும்போது "ஞா"வுக்கும் "னா"வுக்கும் இடையே சின்ன மூன்று. உலகம் இத்தனை நாள் வாயை அசைத்துக்கொண்டு மட்டும் இருந்ததுபோலவும், இப்போதுதான் அதற்குக் குரல் வந்ததுபோலவும் இருந்தது. அதை நினைத்தும் எரிச்சல்தான் வந்தது. பரீட்சை எழுதுகிறவளுக்கு வராதது, டைப் அடிக்கிறவளுக்கு வந்து யாருக்கு என்ன பிரயோசனம்?

"நான் வாசிக்கிறேன், நீங்க சொல்லுங்கம்மா" என்றாள் அருந்ததி. "அப்பத்தான் எனக்குப் பிடிபடும்."

பத்துக்குப் பத்தும் சொன்னாள் ஞானாம்பிகை. "இப்ப நீ சொல்லு."

"தெரியலை லா."

"இவ்வளவு நேரம் என்னத்தைக் கேட்ட? அறிவு எங்க இருக்கு உனக்கு?"

திட்டிவிட்டு, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, கொஞ்சம் அழுதாள். மகளுக்காகத்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பரீட்சை அன்று ஊருக்குள் ஒரு பழைய மண்டபம். வாசலில் பட்டியலோடு உட்கார்ந்திருந்த சுலைஹா என்ற பெண், மலாயில் ஒருமுறை, தமிழில் ஒருமுறை என்று பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஞானாம்பிகை மகளின் காதில் கடைசிவரை ஓதினாள். "கல்லை எண்ணு. தூரத்தை எண்ணாதே. ரொட்டிக்காரரை மறந்துடு."

"ஞானாம்பிகை ஆனந்தராஜா!"

"அது என் பேரும்மா. பிள்ளை பேரு அருந்ததி."

சுலைஹா விரலைப் பட்டியலில் ஓட்டினாள். "அருந்ததின்னு யாருமே இல்லையே அக்கா. பாருங்க, விண்ணப்ப பாரத்துல உங்க கையெழுத்துதானே?"

அவளுடையதுதான். அருந்ததி நீட்டுகிற பள்ளிக்கூடத் தாள்களில், அடுப்பைப் பார்த்துக்கொண்டே போடுகிற அதே அவசரக் கையெழுத்து. அவள் திரும்பி மகளைப் பார்த்தாள். அருந்ததி தன் காலணியின் வாரை மிகவும் கவனமாகச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"லேட்டாகுதும்மா, போங்க" என்றாள், தலையைத் தூக்காமல்.

"அடிப்பாவி! நீயும் வா உள்ள." மகளின் கையைப் பிடித்து இழுத்தாள்.

சுலைஹா எழுந்து குறுக்கே கையை நீட்டினாள். "பிள்ளை வரக்கூடாது அக்கா. உங்க டீச்சர் இதுல எழுதியிருக்காங்க: 'மகளை உள்ளே விடவேண்டாம். அவளுக்கு எல்லா விடையும் தெரியும், அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்துவிடுவாள்.'"