அறுபது பேரில் அறுபத்திரண்டு பேர்

"அறுபது பேர் சேர்ந்தாங்க. சரியா?"

"சரி சார்."

"அதுல அறுபத்திரண்டு பேர் படிப்பைப் பாதியில விடாம ரெண்டாம் வருஷத்துக்கு வந்துட்டாங்க. சரியா?"

எதிரே நின்ற புள்ளிவிவரப் பிரிவுக்காரி அறிக்கையை எட்டிப் பார்த்தாள்.

"கூட ரெண்டு பேர் எங்கேர்ந்து வந்தாங்க? வகுப்புக்குள்ளேயே பிறந்தாங்களா?"

பதிவாளர் அறிக்கையை மேசைமேல் வீசினார். கணிதத் துறைக்கு நேரே, தன் அழகான கையெழுத்தில் தானே எழுதியிருந்த நூற்று மூன்று சதவீதத்தை அவள் பரிதாபமாகப் பார்த்தாள்.

பல்கலைக்கழகத்தின் புள்ளிவிவரப் பிரிவு என்பது ஒரு அறை, இரண்டு அலமாரி, அவள். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் நடுவில் ஓடினார்கள், எத்தனை பேர் பட்டத்தோடு வெளியே போனார்கள் என்று பதினான்கு வருடமாகக் கணக்கெடுத்துக் கணக்கெடுத்து, அவளுக்குச் சதவீதம் என்றே பெயர் நிலைத்துவிட்டது. வீட்டுக்காரர்கூடச் சண்டை வந்தால் அப்படித்தான் கூப்பிடுவார். நூறு பேர் சேர்ந்தால் ஐம்பத்தெட்டு பேர் தங்குவார்கள், நாற்பது பேர் முடிப்பார்கள். அந்தத் துக்கச் செய்தியைக் கட்டம் போட்டு எழுதுவதுதான் அவள் வேலை. நூறைத் தாண்டி எழுதியது இதுவே முதல் தடவை.

"வருகைப் பதிவேட்டுல அறுபத்திரண்டு கையெழுத்து இருந்துச்சு சார்."

"கையெழுத்தை விடுங்க. நேர்ல போய்த் தலையை எண்ணிட்டு வாங்க. வெள்ளிக்கிழமை துணைவேந்தர் மேசைக்கு இது போயாகணும்."

அன்று செவ்வாய்க்கிழமை.

கணிதத் துறை பின்கட்டடத்தில், ஜெனரேட்டர் அறையை ஒட்டி இருந்தது. அந்தத் துறைக்கு இருப்பதே ஒரு வாத்தியார் பணியிடம்தான். அலுவலகத்திலிருந்து யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. சதவீதமும் பதினான்கு வருடத்தில் இப்போதுதான் வருகிறாள். பின்வாசலில் நின்று, பேனாவைத் திறந்து, எண்ண ஆரம்பித்தாள்.

முப்பத்தேழு வரை வந்தபோது அது காதில் விழுந்தது.

"எல்லா எண்ணையும் ஒரு மூட்டையில கட்டுங்க. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு முடிவே இல்லாம போகுது. இன்னொரு மூட்டையில இரட்டைப்படை எண் மட்டும். ரெண்டு, நாலு, ஆறு. அதுக்கும் முடிவு கிடையாது. எந்த மூட்டை பெருசு?"

கரும்பலகை முன்னால் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒல்லியான மனிதர் நின்றிருந்தார். முழங்கை வரைக்கும் சுண்ணத்தூள்.

இது ஒரு கேள்வியா என்று நினைத்தாள் சதவீதம். சரிபாதி. ஐம்பது சதவீதம். விடை அவள் நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

"ஒரு அறையில ஆள் அதிகமா, நாற்காலி அதிகமான்னு பார்க்க எண்ணணுமா? வேண்டாம். எல்லாரையும் உட்காரச் சொல்லுங்க. யாரும் நிக்கலை, எந்த நாற்காலியும் காலியா இல்லைன்னா ரெண்டும் சமம்." பலகையில் ஒன்றுக்கு எதிரே இரண்டை எழுதினார். இரண்டுக்கு எதிரே நான்கு. மூன்றுக்கு எதிரே ஆறு. "ஆயிரம் வந்தா எங்க உட்காரும்?"

"ரெண்டாயிரத்துல!"

"கோடி?"

"ரெண்டு கோடியில!"

"இடமில்லாம யாராவது நிக்கிறாங்களா?"

எல்லாத் தலைகளும் இல்லை என்று ஆடின.

"அப்போ பாதி, முழுசுக்குச் சமம்," என்றார் அவர். அந்தக் கணத்தில்தான் தனக்கே தெரியவந்தது போல, மெதுவாகச் சொன்னார்.

எண்கள் குறைவதற்கென்றே பிறந்தவை என்று பதினான்கு வருடமாக நம்பியிருந்த சதவீதம், அவை ஒன்றன் பின் ஒன்றாகப் போய் இடம் பிடித்து உட்காருவதைக் கண்ணெதிரே பார்த்தாள். மணி அடித்தபோது கையிலிருந்த தாளில் முப்பத்தேழு என்று மட்டும் இருந்தது.

சட்டென்று சுதாரித்து, குரலைக் கடுமையாக்கிக்கொண்டாள்.

"அடையாள அட்டை இல்லாதவங்க கையைத் தூக்குங்க!"

இரண்டு கைகள் எழுந்தன. ஒரு நடுத்தர வயது அம்மா. கழுத்தில் துண்டோடு ஒருவர்.

"நீங்க யாரும்மா?"

"என் பொண்ணு கணக்கு வரலை, படிப்பை விடுறேன்னு அழுதா. சரி, பேரை வெட்டிட்டுக் கூட்டிட்டுப் போகலாம்னு வந்தேன். பாடம் நடந்துக்கிட்டிருந்துச்சு. முடியட்டும்னு உட்கார்ந்தேன்."

"எப்போ வந்தீங்க?"

"எட்டு மாசம் ஆச்சு."

துண்டுக்காரர் எதிர் சலூன்காரர். "பாதிச் சவரத்துல ஒரு பையன் வகுப்புக்கு நேரமாச்சுன்னு எழுந்து ஓடிட்டான் மேடம். மீதியை எடுக்கத்தான் வந்தேன்."

"எடுத்தீங்களா?"

"இன்னும் இல்லை. பாடம் முடியலையே."

இருவரையும் நாளையிலிருந்து உள்ளே வரக்கூடாது என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். அன்று சாயங்காலம் வீட்டில் ஒவ்வொரு தட்டுக்கும் எதிரே ஒரு கரண்டியை வைத்துக்கொண்டு நெடுநேரம் நின்றிருந்தாள். வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, பசிக்கிறது என்று சொல்ல வந்ததைச் சொல்லாமலே போனார்.

புதன்கிழமை வகுப்பறை காலியாக இருந்தது. தேடிப் போனால், கட்டடத்துக்கு வெளியே படிக்கட்டில் அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள். கரும்பலகை மரத்தில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

"அவங்க ரெண்டு பேரும் வெளியே இருக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றாள் அந்த அம்மாவின் மகள். "அதான் பாடமே வெளியே வந்துடுச்சு."

வெளியே வந்த பாடம் தெருவில் போகிறவர்கள் காதிலும் விழுந்தது. வேலை முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு நர்ஸ், தபால்காரர், நாயோடு நடக்க வந்த ஒரு பெரியவர், இன்னும் ஆறு பேர். நாயைத் தள்ளி எண்ணினால் எழுபத்தொன்று.

சதவீதம் ஓடிப்போய்க் காவலாளியைக் கூட்டி வந்தாள். எல்லாரையும் உள்ளே அனுப்பி, வாசலில் அட்டை பார்க்கச் சொன்னாள். மதியம் வந்து பார்த்தால் வாசலில் யாரும் இல்லை. காவலாளி கடைசி பெஞ்சில், தடியை மடியில் வைத்துக்கொண்டு, வாய் பிளந்து உட்கார்ந்திருந்தார்.

"அட்டை இல்லாம யாரையும் உள்ள விடாதீங்கன்னு சொன்னேனே!"

"இனிமே யாரும் வரமாட்டாங்க மேடம். எல்லாரும் வந்துட்டாங்க."

வியாழக்கிழமை பதிவாளர் அறையிலிருந்து வந்த கத்தல் மாடிவரைக்கும் கேட்டது. "தங்குறவங்க நூத்துப் பதினெட்டு சதவீதம்! முடிச்சவங்க பூஜ்யம்! இது பல்கலைக்கழகமா, பசை டப்பாவா?"

அதே துறையின் கடைசி வருடத்து மாணவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் ஒரே ஒரு பரீட்சையை எழுதாமல் விட்டிருந்தார்கள். சதவீதம் அவர்களைப் பிடித்து உலுக்கினாள்.

"ஏன்டா எழுதலை? பயமா?"

"ஆமா மேடம். எழுதினா பாஸாயிடுவோம்."

"பாஸானா என்ன?"

"வீட்டுக்கு அனுப்பிடுவீங்களே!"

வேறு வழியில்லாமல் அவள் அந்த மனிதரையே தனியாகப் பார்த்தாள். அவர் சாக்பீஸ் துண்டுகளை ஒரு டப்பாவில் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"சார், கோவிச்சுக்காதீங்க. நாளைக்கு ஒரு நாள் மட்டும் கொஞ்சம் மோசமா பாடம் நடத்துங்க. ஒரு பத்துப் பேராவது எழுந்து போகட்டும். உங்களுக்குப் புண்ணியமா போகும்."

அவர் யோசித்தார். "நல்லா நடத்தவே இன்னும் தெரியலைம்மா. சரி, முயற்சி பண்றேன்."

வெள்ளிக்கிழமை அவர் சொன்ன சொல் தவறவில்லை. பல்கலைக்கழக விதிமுறைப் புத்தகத்தைக் கொண்டுவந்து, முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினார். சலூன்காரர் கொட்டாவி விட்டார். நாய் எழுந்து நின்றது. சதவீதத்துக்கு நம்பிக்கை துளிர்த்தது. அந்த நேரம் பார்த்து, கூட்டத்தைக் கலைக்கப் பதிவாளரே வாசலில் வந்து நின்றார்.

"இந்த விதிகளில் சொல்லப்படாத எதையும் பதிவாளரே தீர்மானிப்பார்," என்று வாசித்தவர், அப்படியே நின்றுவிட்டார். கண்கள் விரிந்தன. "ஒரு நிமிஷம். ஒரு விஷயம் விதியில சொல்லியிருக்கா, இல்லையா? அதை யார் தீர்மானிக்கிறது?"

"நான்தான்!" என்றார் பதிவாளர் வாசலிலிருந்து.

"அதை நீங்கதான் தீர்மானிக்கணும்னு விதியில இருக்கா?"

"இல்லை. இல்லாததை நான்தான்..."

"அப்போ அது விதியில இல்லைன்னு தீர்மானிச்சது யாரு?"

பதிவாளர் இரண்டடி உள்ளே வந்தார். "இருங்க, அந்த சாக்பீஸைக் குடுங்க."

ஒரு மணி நேரம் அவர் பலகையில் வட்டம் போட்டார், அம்பு போட்டார், அழித்தார். எழுபது சொச்சம் பேரும் சேர்ந்து அவரோடு வாதாடினார்கள். கடைசியில் தான் இருபது வருடமாகக் காத்து வந்த புத்தகத்துக்குள்ளே ஒரு ஆழம் இருப்பதையும், அதற்கு அடியே தெரியவில்லை என்பதையும் கண்டு, பதிவாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். சதவீதம் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. யாரோ நகர்ந்து இடம் கொடுத்தார்கள். அவர் நாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

வகுப்பு முடிந்ததும் அறிக்கையைக் கேட்டு வாங்கி, நூற்றுப் பதினெட்டின் கீழே பளிச்சென்று கையெழுத்துப் போட்டார்.

"சார், துணைவேந்தர் கேட்டா?"

"வந்து உட்காரச் சொல்லுவோம்." அவர் தொண்டையைச் செருமினார். "இந்த மனுஷனை இத்தனை நாள் இந்த மூலையில வெச்சிருந்திருக்கோமே! இந்த வருஷம் சிறந்த ஆசிரியர் விருது இவருக்குத்தான். உடனே இவரோட பணிக் கோப்பை எடுங்க."

சதவீதம் அலுவலகம் முழுக்கத் தேடினாள். அலமாரியின் மேலே, கீழே, பின்னே. பதிவாளரும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு தேடினார். அந்த முகத்தோடு ஒரு கோப்பும் கிடைக்கவில்லை.

அவர்கள் இருவரும் தூசியில் தும்முவதை வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த காவலாளி, தயங்கித் தயங்கி உள்ளே வந்தார்.

"கோப்பு எப்படி ஐயா இருக்கும்? வாத்தியார் வேலையை விட்டுட்டுப் போய் ஒன்றரை வருஷம் ஆச்சு. புது ஆள் வர்ற வரைக்கும் சும்மா உட்கார்ந்திருப்பானேன்னு எழுந்து நின்ன மாணவர்தாங்க இவரு."