அறுபது பை ரெடி

இனிமேல் நான்தான் அட்மின் என்று ஒரு வெள்ளிக்கிழமை மதியம் அறிவித்தேன். தொழுகை முடித்து, பிரியாணி சாப்பிட்டு, ஏப்பமும் விட்டபிறகு வந்த தைரியம் அது.

சஃபீனா என் தட்டை எடுத்துக்கொண்டே கேட்டாள். "எதுக்கு மச்சான்? வீட்டுக்கா?"

வீட்டுக்கு இல்லை. அந்தப் பேராசை எனக்குக் கிடையாது. கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. வீட்டில் எனக்கு என்ன பதவி என்று எனக்கே தெரியும். நான் கேட்டது கடையின் இன்ஸ்டாகிராம் பக்கத்தை.

கடை தாராவி மெயின் ரோட்டில், தோல் பைக் கடைகளின் வரிசையில் எட்டடி அகலத்தில் இருக்கிறது. பெயர் ஜமால் லெதர். பெயரில் மட்டும்தான் ஜமால். இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் உள்ளே உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தபோது சஃபீனா ஃபோனில் ஒரு பக்கத்தைத் திறந்தாள். பையை வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுப்பாள். கீழே நாலு வரி எழுதுவாள். அப்புறம் பாண்டுப்பிலிருந்தும் தாதரிலிருந்தும் ஆள் வர ஆரம்பித்தது. வருகிறவர்கள் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, "சஃபீனா தீதி இல்லையா?" என்பார்கள். நான் பத்து விதமான தோலைத் தொட்டே சொல்லக்கூடியவன். அவர்களுக்கு நான் கடை ஸ்டூலில் ஒரு பாகம்.

இந்த வருத்தத்தோடு மே மாதக் கடைசியில் ஒரு ஆபத்தும் வந்து சேர்ந்தது. வெளிநாட்டுக்கு அனுப்புகிற ஒரு கம்பெனிக்காரர் அறுபது கைப்பைகளைத் தைக்கச் சொல்லிவிட்டு, தைத்து முடித்த அன்று வேண்டாம் என்றுவிட்டார். அறுபதையும் கடைக்கு மேலே இருக்கும் மாளாவில், அதாவது பரணில், ஏணி வைத்து ஏற்றி அடுக்கினோம். பத்து நாளில் மழை தொடங்கிவிடும். பம்பாய் மழைக்கு மனிதனுக்கே பூஞ்சை பிடிக்கும், தோலை விடுமா? மழைக்கு முன் விற்கவில்லை என்றால் அறுபதும் பச்சை பிடித்துக் குப்பைக்குப் போகவேண்டியதுதான்.

"நான் விக்கிதேன்" என்றேன். "பக்கத்தை எங்கிட்ட குடு."

"தாரேன். ஆனா எழுதினதை எங்கிட்ட ஒரு தடவ காட்டிட்டுப் போடுங்க."

"ஏன்? நான் பாம்பேயிலயே பொறந்தவன். எனக்குத் தெரியாதா?"

"அதான் பயமா இருக்கு."

காட்டவில்லை. காட்டினால் அட்மினுக்கு என்ன மரியாதை?

தமிழ் ஆட்களிடம் தமிழில் விற்பது என்று திட்டம் போட்டேன். ஆனால் இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. ஆகவே தமிழை இங்கிலீஷ் எழுத்தில் எழுதவேண்டும். முதல் சொல்லிலேயே முட்டுக்கட்டை. பை. தமிழில் இருப்பது ஒரே ப. இங்கிலீஷில் இரண்டு பி. பேப்பருக்கு வரும் பி ஒன்று, பாம்பேக்கு வரும் பி ஒன்று. பேப்பர் பி போட்டால் அது கொங்கணிக்காரர்களின் பை என்கிற குடும்பப் பெயர் ஆகிவிடும். மாட்டுங்காவில் அந்தப் பெயர்க்காரர்கள் கட்டடத்துக்குக் கட்டடம் இருக்கிறார்கள். 'அறுபது பை ரெடி' என்று போட்டால், அறுபது பெரிய மனிதர்களை நான் கட்டி வைத்திருப்பதாக நினைத்துப் போலீஸ் வராதா? தீர யோசித்துப் பாம்பே பி போட்டேன்.

எழுதியது இவ்வளவுதான்: 'நல்ல பை. ஸ்ட்ராங் பை. எவ்வளவு வெயிட்டும் தூக்கும். ஐந்து வருஷம் கேரண்டி. அறுபது பை ரெடி. உடனே ஜமாலைக் கூப்பிடவும்.' கூடவே ஒரு படம். கடை முதலாளி என்று ஒருவன் இருப்பது உலகத்துக்குத் தெரியட்டும் என்று கட்டைவிரலைத் தூக்கியபடி நானே நின்றேன். என் முகம் முழுதாக வந்திருந்தது. பைகள் என் முதுகுக்குப் பின்னால் இருந்தன.

பத்தே நிமிஷத்தில் ஃபோன் அடித்தது. மாட்டுங்காவிலிருந்து ஒரு மாமி.

"ஜமால் பாயா? அறுபது ரெடியா இருக்குன்னு போட்டிருக்கேளே, நெஜமாவா?"

"நெஜம்தான் மாமி. கறுப்பு வேணுமா, பிரவுனா?"

"கலர் என்னத்துக்கு ஓய்? நன்னா உழைப்பாளா?"

உழைப்பாளா என்றதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பையைக்கூட மகள் மாதிரிப் பேசுகிறாரே, எப்பேர்ப்பட்ட மனசு!

"அஞ்சு வருஷம் உழைக்கும் மாமி."

"வாய் எப்படி?"

"வாய் நல்லா அகலம்."

"ஐயய்யோ, வாயாடியெல்லாம் நமக்கு ஆகாது. கை சுத்தமா?"

"கை ரெண்டும் டபுள் தையல் மாமி. நீங்க பிடிச்சு இழுத்தாலும் கழண்டு வராது."

"நான் எதுக்கு ஓய் பிடிச்சு இழுக்கப்போறேன்? அது இருக்கட்டும். அறுபது பேரும் இப்போ எங்க இருக்கா?"

"எங்க கடை மாளாவுலதான். ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, பிளாஸ்டிக் கவர் போட்டு மூடி வச்சிருக்கேன்."

"பெருமாளே! மூச்சு முட்டாதோ?"

"முட்டாது மாமி. ஒரே ஒரு விஷயம், தண்ணி மட்டும் படக்கூடாது."

"தண்ணி படாம பாத்திரம் எப்படி ஓய் தேய்ப்பா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பம்பாயில் வீட்டு வேலைக்கு வருகிற பெண்ணுக்கு 'பாயி' என்று பேர். பாம்பே பி போட்டு எழுதினால் அது பாயி. பிறந்ததிலிருந்து தினம் நூறு தடவை காதில் விழுகிற சொல். அதுவும் மே மாதம். ஊரிலிருக்கிற பாயிமார் பாதிப் பேர் சொந்த ஊருக்குப் போய்விட, மாட்டுங்காவும் செம்பூரும் தொட்டி நிறைய எச்சில் பாத்திரத்தோடு காத்திருக்கிற மாதம். அந்த மாதத்தில் அறுபது பாயி ரெடி, எவ்வளவு வெயிட்டும் தூக்கும் என்று கட்டைவிரலைத் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

"நாளைக்குச் சொல்லுதேன் மாமி" என்று ஃபோனை வைத்தேன். வைத்த கை எடுப்பதற்குள் மறுபடி அடித்தது.

அழித்துவிடலாம் என்று ஃபோனை நோண்டினேன். எதையோ அழுத்தினேன். செம்பூரிலுள்ள மூன்று குடியிருப்புச் சங்கங்களுக்கு அது ஷேர் ஆனது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதை. இரவுக்குள் நாற்பத்தெட்டு அழைப்பு. மறுநாள் பின்னூட்டத்தில் திட்டு ஆரம்பித்தது. 'ஏமாற்றுக்காரன்.' 'நாளைக்கு நாளைக்கு என்கிறான்.' 'இந்தக் கடையை நம்பாதீர்கள்.' சஃபீனா இரண்டு வருஷமாகச் சேர்த்த பேரை நான் இரண்டு நாளில் கரைத்துக்கொண்டிருந்தேன். மாளாவில் அறுபது பையும் அப்படியே இருந்தது. வானம் கறுக்க ஆரம்பித்தது.

"வியாபாரம் எப்படி மச்சான்?" என்று சஃபீனா கேட்டாள்.

"ஃபோன் ஓயல புள்ள" என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

"மாஷா அல்லாஹ்" என்று சொல்லிவிட்டு வெங்காயம் நறுக்கப் போனாள். வெங்காயத்துக்கு யாராவது இவ்வளவு சிரிப்பார்களா என்று அப்போதே நான் யோசித்திருக்கவேண்டும்.

மூன்றாம் நாள் பக்கத்துக்கு ஒரு மெசேஜ் வந்தது. ஷைஸ்தா, செம்பூர். 'பாயி வேணும், கிடைக்குமா?' என்று பணிவாகக் கேட்டிருந்தார். மற்றவர்களைப் போல மிரட்டவில்லை. 'சாப்பிட்டியளா?' என்றுகூட விசாரித்திருந்தார். செம்பூர்ப் பெண்கள் இவ்வளவு இரக்கமானவர்களா என்று எனக்குக் கண் கலங்கிவிட்டது. மூன்று நாளாக அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அந்த அம்மாவிடம் கொட்டினேன். மாமி கேட்டதும் நான் சொன்னதும் ஒரு வார்த்தை விடாமல் எழுதினேன்.

'உங்க வீட்டம்மாகிட்ட சொல்ல வேண்டியதுதானே?' என்று கேட்டார்.

நான் எழுதிய பதிலை இங்கே மறைத்துப் பயனில்லை. ஊருக்கே தெரியும்.

'சொன்னா ஒரு நிமிஷத்துல சரி பண்ணிருவா. அதான் சொல்ல வாய் வரல. பத்தொன்பது வருஷத்துல ஒரு தடவயாவது நானே செஞ்சேன்னு அவ முன்னால நிக்கணும்னு ஆசை. இந்தக் கடை இன்னிக்கு நிக்கிதுன்னா அது அவளாலதான். நான் டீ குடிச்சிட்டு உக்காந்திருந்தப்ப அவ ஒவ்வொரு பையா படம் எடுத்து ஆள் கொண்டுவந்தா. நல்லாருக்குன்னு நான் ஒரு நாள் சொன்னதில்ல. அவ இல்லன்னா நான் எங்கியோ கூலிக்குத் தோல் அறுத்துட்டு இருப்பேன். எனக்குக் கெடச்ச பெரிய லாபம் அவதான். ஆனா நீங்க யார்கிட்டயும் சொல்லிராதீங்கம்மா.'

அப்புறம் ஒரே வரி வந்தது. 'அந்த போஸ்டை அழிக்க வேண்டாம். நாளைக்குக் காலைல கடைக்கு வாரேன்.'

மறுநாள் காலையில் கடைக்குப் போனேன். ஷைஸ்தா வரவில்லை. சஃபீனா ஃபோனை நிறுத்திவைத்துப் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். எதிரே எங்கள் வரிசை வீடுகளில் மூன்றாவது வீட்டு நுஸ்ரத். பதினைந்து வருஷமாக நாலு வீட்டில் வேலை செய்கிற, அசல் பாயி. கையில் என் கறுப்புப் பை. பேசியது ஹிந்தியில்.

"நானும் பாயி, இதுவும் பாயி. எனக்கு வாய் அகலம், இதுக்கும் வாய் அகலம். என் கை சுத்தம், இது கை டபுள் தையல். எனக்கு ஞாயித்துக்கிழமை லீவு வேணும், இதுக்கு வேணாம். நான் பாத்திரம் தேய்ப்பேன், இதுக்குத் தண்ணி ஆகாது. கடைக்காரருக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. நீங்களாவது தெரிஞ்சு வாங்குங்க!"

அன்று மத்தியானத்துக்குள் பம்பாய் சிரித்துவிட்டது. திட்டியவர்களே தோழிகளுக்கு அனுப்பினார்கள். அழைத்த நாற்பத்தெட்டு பேரையும் சஃபீனாவே கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டாள். நுஸ்ரத்தின் தோழிகளில் வேலை தேடிக்கொண்டிருந்த ஐந்து பேரை ஐந்து வீட்டில் சேர்த்துவிட்டாள், ஞாயிற்றுக்கிழமை லீவோடு. மாட்டுங்கா மாமிக்கு ஒரு பாயியும் கிடைத்தாள், மூன்று பையும் கிடைத்தது. நாலு நாளில் மாளா காலி. ஐந்தாம் நாள் மழை இறங்கியது. நான் ஏணியில் ஏறி, வெறும் மாளாவைப் பார்த்து, அல்ஹம்துலில்லாஹ் என்றேன். மனசு நிறைந்து சொன்னேன்.

கீழே இறங்கியதும்தான் ஒரு சந்தேகம் வந்தது.

"புள்ள, வாய் அகலம், டபுள் தையல், இதெல்லாம் உனக்கு யார் சொன்னா?"

"ஷைஸ்தா சொன்னா."

"அவங்களை உனக்குத் தெரியுமா? இப்ப எங்க இருக்காங்க?"

"உங்களுக்கு டீ போட்டுட்டு இருக்கா" என்று சொல்லி, கடை மூலையில் இருக்கும் சின்ன அடுப்பிலிருந்து டீயை இறக்கினாள். "பக்கத்தை உங்ககிட்ட குடுத்தேனே தவிர, என் ஃபோன்ல இருந்து எடுக்கல மச்சான். மொத மாமி கூப்பிடுததுக்கு முன்னாலயே நான் படிச்சிட்டேன்."

"அப்பவே சொல்லக்கூடாதா?"

"சொல்லியிருந்தா, அந்த லெட்டர் எனக்குக் கெடச்சிருக்குமா?"

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம் எதுவும் பக்கத்தில் இல்லை. இவளுக்கு நான் செய்ததெல்லாம் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது. அதைச் சொல்லவும் சொன்னேன், நேருக்கு நேராக, முதல் தடவையாக.

அந்த நெகிழ்ச்சியிலேயே இருந்திருக்கலாம். ஃபோனைத் திறந்து பார்த்தேன். கடைப் பக்கத்தின் உச்சியில், எந்தப் பைக்கும் கிடைக்காத இடத்தில், ஷைஸ்தாவுக்கு நான் எழுதிய கடிதத்தை ஆணி அடித்து மாட்டியிருந்தாள். கீழே ஆயிரத்து இருநூறு இதயம். அழிக்கப் போனேன். நான் இப்போது அட்மின் இல்லை என்று ஃபோன் சொன்னது.

"அதை எடுத்துரு புள்ள. ஊரே படிக்குது."

"எடுத்துரலாம் மச்சான். ஆனா மேல எதாவது ஒண்ணு இருந்தாத்தான பக்கம் நல்லாருக்கும்? புதுசா ஒண்ணு எழுதித் தாங்க, மாத்திப் போடுதேன்."

எழுதிக் கொடுத்தேன். மாற்றிப் போட்டாள். ஒரு வாரம் பொறுத்து, அதையும் எடுக்கச் சொன்னேன். அதே பதில்.

நீங்கள் இப்போது படித்து முடித்தது ஏழாவது. அவள் திருத்தியது போக மிஞ்சியது.