ரோஸ் கலர் கைப்பைக்கு ஏற்ற சட்டை

காக்களூர்,
மே 20, காலை ஆறரை மணி.

மரியாதைக்குரிய மைத்துனர் அன்புராஜ் அவர்களுக்கு, காக்களூர் வரதன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் தங்கள் அக்கா சந்திரகலாவும், அவளுடைய வலது தோள்பட்டை ஒன்று நீங்கலாக, சுகமாக இருக்கிறோம். ஓசூரில் தாங்களும் குணசுந்தரியும் குழந்தை பூமிகாவும் தோள்பட்டை உட்பட எல்லா உறுப்புகளும் சுகமாக இருக்க அம்மனை வேண்டுகிறேன். அங்கே கத்திரி வெயில் அவ்வளவாகத் தெரியாதாம். இங்கே காலை எட்டு மணிக்கே ஏரிக்கரையில் நாய்கூட நிற்பதில்லை.

கையில் போன் இருக்கும்போது எதற்கு இந்த ஆள் கடிதம் எழுதுகிறார் என்று தாங்கள் நினைக்கலாம். போனில் பேசினால் உங்கள் அக்கா ஸ்பீக்கரில் போடச் சொல்கிறாள். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் உனக்கு முன்னால் அவள் படித்துவிடுகிறாள். (தாங்கள் என்று எழுத எழுதப் பேனா தடுக்குகிறது மச்சான், நீ அரை டிராயர் போட்ட காலத்திலிருந்து பார்க்கிறேன், நீ என்றே எழுதிவிடுகிறேன்.) அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் காரணம் அதுதான். விஷயம் வேறொன்றுமில்லை, பொங்கலுக்கு நீ உன் அக்காவுக்கு வாங்கிவந்தாயே ஒரு கைப்பை, அதுதான்.

நான் உன்னைக் குறை சொல்லவில்லை. ஆசையாக வாங்கிவந்தாய். அதன் நிறத்தை உன் அக்கா பேபி பிங்க் என்கிறாள். என் கண்ணுக்கு அது ஐஸ் உருகித் தண்ணியாகிப்போன ரோஸ்மில்க். தங்க நிறத்தில் ஒரு சங்கிலி, சங்கிலியில் கோழிக்குஞ்சு அளவுக்குப் புசுபுசுவென்று ஒரு பந்து, நடந்தால் அந்தப் பந்து ஆடுகிறது. உன் அக்கா தோளில் அது இருந்தவரைக்கும் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. ஏப்ரலில் அவளுக்குத் தோள்பட்டை இறுகிப்போனதும், ஃப்ரோசன் ஷோல்டர் என்று டாக்டர் சொன்னதும், திருவள்ளூர் தேரடிப் பக்கம் பிசியோதெரபிக்கு ஞாயிறு தவிர தினமும் வரச் சொன்னதும் உனக்குத் தெரியும். இரண்டு தோளிலும் எடை மாட்டக்கூடாது என்று அவர் சொன்னது மட்டும் உனக்குத் தெரியாது. ரிப்போர்ட், துண்டு, தைலம், மூக்குக்கண்ணாடி, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் அந்தப் பைக்குள் வைத்து, முதல் நாள் காலையில் பையை என் மடியில் வைத்தாள். "மஞ்சப்பைல போட்டுக்கினு போலாமே" என்றேன். "என் தம்பி ஆசையா வாங்கியாந்தது, பீரோவுல பூட்டி வெக்கறதுக்கா? எனக்குக் கை வரலைன்னா இன்னா, ஒங்களுக்குத்தான் ரெண்டு கை கீதே" என்றாள். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

நான் முப்பத்தொரு வருஷம் கம்பெனியில் இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் ஃபோர்மேனாக இருந்தவன். நான் நடந்து வந்தால் நாற்பது பேர் பேச்சை நிறுத்துவார்கள். அப்படிப்பட்டவன் முதல் நாள் வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி கட்டி, தோளில் அந்தப் பையோடு கிளினிக் வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்த ஒரு அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளை வீட்டுப் பார்ட்டிங்க எல்லாம் நல்ல எடமா வெச்சிருப்பீங்களா?" என்று கேட்டது. எனக்குப் புரியவில்லை. கல்யாணத் தரகர் என்று நினைத்துவிட்டதாம். நான் இல்லை என்று சொல்வதற்குள், "எங்க பொண்ணு எம்.காம்., நெறம்தான் கொஞ்சம் கம்மி" என்று ஜாதகத்தை எடுத்து என் பைக்குள் சொருகி, என் போன் நம்பரையும் வாங்கிக்கொண்டது. இன்றைக்கும் தினமும் போன் செய்து நல்ல சேதி உண்டா என்று கேட்கிறது. வெள்ளை வேண்டாம் என்று மறுநாள் பழைய காக்கி பேன்ட்டும் நீலச் சட்டையும் போட்டேன். உன் அக்கா மெடிக்கல் ஷாப்புக்குள் போயிருந்தாள். பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் நின்றிருந்த என்னை ஒரு கான்ஸ்டபிள் விரலால் கூப்பிட்டார். "யோவ், இன்னா பை அது? உள்ள இன்னா கீது?" என்றார். டூல் ரூமில் எந்தத் தட்டில் எந்த ஸ்பேனர் என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னவன் நான். அந்தப் பைக்குள் என்னென்ன இருக்கிறது என்று முழுசாகச் சொல்லத் தெரியவில்லை. ரிப்போர்ட், தண்ணி என்று இழுத்தேன். அவர் திறந்து பார்த்து ஒரு லிப்ஸ்டிக்கை எடுத்தார். "இது?" என்றார். கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷத்தில் உன் அக்காவிடம் லிப்ஸ்டிக் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். எனக்கே தெரியாது சார் என்றேன், அதுதான் தப்பாகப் போயிற்று. கூட்டம் கூடிவிட்டது. நல்லவேளை உன் அக்கா வந்து, "சார், அவரு என் ஊட்டுக்காரரு" என்றாள். "நல்லா பாத்துச் சொல்லும்மா" என்றார் அந்த மனுஷன்.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்தப் பையோடு எந்தச் சட்டை போட்டால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்று காலை ஐந்து மணிக்கே எழுந்து பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறேன். டியூப்லைட்டில் பொருந்துகிற சட்டை வெயிலில் பொருந்துவதில்லை. ஜன்னலோரம் பிடித்துப் பார்க்கிறேன், வாசலில் பிடித்துப் பார்க்கிறேன், போட்டதைக் கழற்றி வேறு போடுகிறேன், வியர்வையில் அதுவும் நனைந்துவிடுகிறது, மறுபடி முதலிலிருந்து. மெரூன் போட்டேன், ஏதோ விசேஷத்துக்குத் தாம்பூலப் பை கொடுக்க வந்தவன் போலிருந்தது. கிளிப்பச்சை போட்டேன். கிளினிக்கில் சீட்டு எழுதும் மோனிகா என்ற பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இன்னாம்மா?" என்றேன். "அங்கிள், தப்பா நெனச்சுக்காதீங்க, கொய்யாப்பழத்தை ரெண்டா அறுத்து வெச்ச மாதிரி கீறீங்க. வெளிய பச்சை, உள்ள ரோஸு" என்றாள். எனக்குக் கோபம் வரவில்லை மச்சான், உண்மையில் அப்படித்தான் இருந்தது. அந்தப் பெண்ணே ஒரு சீட்டின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தாள்: வெயில் காலத்துக்குக் காட்டன், அரைக்கை, வானநீலம் அல்லது கிரீம் அல்லது இளஞ்சாம்பல், பெரிய பூப்போட்டது கூடாது. "அப்பறம் அங்கிள், திருடன் மாதிரி அக்குளுக்குள்ள இடுக்கிக்கினு வராதீங்க. நிமிர்ந்து தோள்ல மாட்டுங்க, கெத்தா இருக்கும்" என்றாள்.

பஜாரில் துணிக்கடைக்குப் போனோம். "எதுக்கு மேட்ச் பாக்கணும் சார், பேன்ட்டுக்கா?" என்றார் கடைக்காரர். பையை எடுத்து மேஜைமேல் வைத்தேன். அவர் பையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு வானநீலத்தை எடுத்துப் போட்டார். பக்கத்தில் புடவை பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் கிரீம்தான் எடுப்பாக இருக்கும் என்று சண்டைக்கே வந்துவிட்டார்கள். இரண்டையும் வாங்கினேன். உன்னிடம் மறைப்பானேன், வானநீலம் போட்ட அன்று நான் நிமிர்ந்துதான் நடந்தேன். ஷேர் ஆட்டோவில் ஒரு பெண்பிள்ளை, இந்தப் பை எங்கே வாங்கினீர்கள் என்று என்னைக் கேட்டாள், உன் அக்காவைக் கேட்கவில்லை.

இப்படி ஒரு மாதிரி சரியாகி வரும்போதுதான் போன சனிக்கிழமை அந்தோணி பார்த்துவிட்டான். என்னிடம் வெல்டராக இருந்தவன். தூரத்திலிருந்தே போட்டோ எடுத்து, எங்கள் ரிட்டயர்டு ஆட்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவிட்டான். குரூப்பின் பெயர் பிரஸ் ஷாப் சிங்கங்கள். அரைமணி நேரத்தில் அறுபது செய்தி. "ஃபோர்மேன் சாருக்கு டெலிவரி வேலையா?" என்று ஒருவன். "எந்த ஷோரூம் சார்?" என்று ஒருவன். நான் ஒரு தடவை கையைத் தூக்கினால் ஓடி வருவானே தேசப்பன், அவன், "பேக் சூப்பர், சட்டை சுமார்" என்று எழுதியிருந்தான். பையைப் பற்றிச் சொன்னதுகூடப் பரவாயில்லை மச்சான், பத்து நாள் யோசித்து வாங்கிய சட்டை! குரூப்பை விட்டு வெளியே வந்தேன், மறுபடி சேர்த்தார்கள். மறுபடி வந்தேன், மறுபடி சேர்த்தார்கள். அந்தக் கோபத்தை எங்கே காட்டுவது? உன் அக்காவிடம்தான் காட்டினேன். "இத்தோட போதும். நாளையிலேர்ந்து இதைத் தூக்கினு நான் வர மாட்டேன், ஒரே பேஜாரா கீது, மானம் போவுது" என்று கத்தினேன். அவள் திருப்பிக் கத்தியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். "சரிங்க" என்றாள். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை காலை நான் நாஷ்டாவுக்கு இட்லி வாங்கப் போய்த் திரும்பினால் வீடு பூட்டியிருக்கிறது. சாவி பக்கத்து வீட்டில். பையும் இல்லை, அவளும் இல்லை. போன் செய்தால் அடுப்படியில் மணி அடிக்கிறது. இட்லிப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டே வாசலுக்கும் தெருமுனைக்கும் நடந்தேன், எத்தனை தடவை என்று எண்ணவில்லை. பின்னாலேயே போகலாமா, போனால் வழியில் தவறவிட்டுவிடுவோமா, ஒன்றும் ஓடவில்லை. பதினோரு மணிக்கு வந்தாள். முகம் வெளுத்திருந்தது. ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது இடது தோளிலிருந்து பை நழுவியிருக்கிறது, விழுந்துவிடப் போகிறதே என்று வலது கையால் எட்டிப் பிடித்திருக்கிறாள். கிளினிக் சுவரில் ஏணி மாதிரி ஒரு பலகை உண்டு. விரலாலேயே படிப்படியாகக் கையை மேலே ஏற்ற வேண்டும். பதினெட்டாம் படிவரை போன கை மறுநாள் ஒன்பதில் நின்றுவிட்டது. தெரபி கொடுக்கும் மெர்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "மூணு வாரம் பண்ணதெல்லாம் போச்சு சார். இப்டியே நின்னுடுச்சுன்னா ஆபரேஷன் பத்தி டாக்டர்ட்ட பேச வேண்டியிருக்கும்" என்றாள். அன்றைக்கு உன் அக்காவால் தலை வாரிக்கொள்ள முடியவில்லை. என்னைக் கேட்கவும் இல்லை. சீப்பை நானே வாங்கி உட்கார்ந்தேன். மூன்று தடவை பின்னினேன், மூன்று தடவையும் அவிழ்ந்தது. கடைசியில் ஒயரை முறுக்குகிற மாதிரி முறுக்கி ரப்பர் பேண்டு போட்டேன். "நல்லா கீதுங்க" என்றாள், கண்ணாடி பார்க்காமலே.

ஆகவே உன்னிடம் ஒரு உதவி. நான் பை தூக்கமாட்டேன் என்று இனி சொல்லமாட்டேன், நேற்றிலிருந்து நான்தான் தூக்குகிறேன். ஆனால் அந்தச் சிங்கங்கள் இருக்கும் ஊரில் நானும் நடமாட வேண்டும். உடனே கறுப்பு நிறத்தில் ஒரு பை வாங்கு. பந்து கூடாது, சங்கிலி கூடாது. ஆண்பிள்ளை மாட்டினாலும் ஒருவரும் திரும்பிப் பார்க்காததாக இருக்கட்டும். "அக்கா, இனிமேல் இதைத்தான் கொண்டுபோக வேண்டும், தம்பியின் ஆசை" என்று உன் கைப்பட ஒரு சீட்டு எழுதி உள்ளே போட்டு கூரியரில் அனுப்பு. நீ சொன்னால்தான் அவள் கேட்பாள். நான் எழுதியது உயிர் போனாலும் அவளுக்குத் தெரியக்கூடாது. குளியலறைக் கதவு சத்தம் கேட்கிறது. குணசுந்தரிக்கு என் அன்பைச் சொல். பூமிகாவின் இரண்டு கன்னத்திலும் மாமா தந்ததாக முத்தம் கொடு. எல்லாரும் நோய்நொடி அண்டாமல் நீண்டநாள் இருங்கள்.

இப்படிக்கு, உன் நலம் நாடும் மாமா,
வரதன்.

பின்குறிப்பு: மேலே எழுதிய அனைத்தையும் ரத்து செய்துகொள்ளவும். இப்போது மணி பத்தேகால், கிளினிக் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். கடிதத்தைச் சட்டைப் பாக்கெட்டில் வைத்தால் வியர்வையில் நனையும் என்று, கொஞ்சம்கூட யோசிக்காமல் பைக்குள் வைத்துவிட்டேன். ஷேர் ஆட்டோவில் உன் அக்கா கண்ணாடி தேடும்போது அது கையில் மாட்டிவிட்டது. கண்ணாடியையும் போட்டுக்கொண்டு முதல் வரியிலிருந்து சத்தமாகவே படித்தாள். ஆட்டோவில் எங்களைத் தவிர ஐந்து பேர். கொய்யாப்பழம் வந்தபோது டிரைவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுக் கேட்டார். ஜடை பின்னிய இடத்தில் மட்டும் அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. கறுப்புப் பை வந்ததும், "கறுப்பா? நான் இன்னா இன்சூரன்ஸ் ஏஜெண்டா?" என்று என் உச்சந்தலையில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். ஐயோ என்று கத்தியது நான் இல்லை, அவள். அப்புறம் இரண்டு பேரும் அந்தக் கையையே பார்த்தோம். "இன்னாங்க, எந்தக் கையால அடிச்சேன்?" என்றாள். "வலது கை" என்றேன். "இன்னொரு தபா அடிச்சுப் பாக்கட்டுமா?" என்றாள். பின்சீட்டிலிருந்து ஒரு அம்மா, "அடிம்மா, தங்கம்!" என்றது. தலையைக் குனிந்து கொடுத்தேன். சற்று முன் மெர்சி பலகையில் பார்த்தாள், இருபத்திரண்டாம் படி. வலி இருக்கிறதாம், ஆனால் அக்காவும் சிரிக்கிறாள், மெர்சியும் சிரிக்கிறாள், ஆபரேஷன் பேச்சே இல்லை. கறுப்புப் பை வேண்டாம், காசை வீணாக்காதே. அனுப்புவதானால் எனக்குக் கிரீம் கலரில் ஒரு ஜோடி செருப்பு அனுப்பு, எட்டாம் நம்பர். நான் போட்டிருக்கும் கறுப்புச் செருப்பு அந்தப் பைக்குக் கொஞ்சமும் ஒட்டவில்லை என்று மோனிகா சொல்கிறாள், பார்த்தால் எனக்கும் அப்படித்தான் படுகிறது.