கடைசி வண்டி போகட்டும்

அதிபர் போய் வெகு நேரம் ஆகிவிட்டது. ஆனாலும் போலீஸ்காரர் லோவெல் ஹாகன் சாலையைத் திறந்துவிடவில்லை.

மோட்டார் சைக்கிள்கள் போயின. அச்சு அசலாக ஒரே மாதிரி இரண்டு நீளக் கறுப்புக் கார்கள் போயின. எதில் ஏறினோம் என்று அதிபருக்கே சந்தேகம் வந்திருக்கும். துப்பாக்கிக்காரர்கள், ஆம்புலன்ஸ், பத்திரிகைக்காரர்களின் வேன்கள் எல்லாம் மெயின் ஸ்ட்ரீட்டைக் கடந்துவிட்டன. பாக்கி கடைசி வண்டிதான். அதன் பின்கண்ணாடியில் சிவப்பு அட்டை இருக்கும், அது கடந்து போகும்வரை குறுக்குச் சாலையில் ஈ எறும்புகூட நகரக் கூடாது என்பது உத்தரவு.

எதிரே தெரிகிற சர்ச்சில் இன்று லோவெலின் ஒரே மகள் கிர்ஸ்டனுக்குக் கல்யாணம். பத்து நிமிஷ வேலைதான் என்று மேலதிகாரி சொன்னபோது, யாருக்கும் முடியாது என்று சொல்லிப் பழகாத மனிதர் தலையாட்டிவிட்டார். அதோடு விட்டாரா? பாலத்துப் பக்கம் போகவிருந்த மகளை போனில் கூப்பிட்டு, "இந்தப் பக்கமே வாம்மா, நான்தானே நிக்கிறேன், உன்னை முதல்ல அனுப்பிடறேன்" என்றார். பாலத்துச் சாலையில் தடையே இல்லை. மணப்பெண்ணின் கார் இப்போது அப்பாவின் தடுப்புக்கு முன்னால் இரண்டாவதாக நின்றது.

முதலில் நின்றது ஒரு கறுப்பு வேன். உள்ளே கறுப்புக் கோட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக இரண்டு பேர். பக்கத்து ஊர் சவ அடக்க நிலையத்து ஆட்கள் என்று லோவெல் பார்த்த மாத்திரத்தில் முடிவு கட்டிவிட்டார். அவர்கள் ஹாரன் அடித்தார்கள். ஓட்டுநர் கண்ணாடியை இறக்கி, "சார், நாங்க வந்து..." என்று ஆரம்பித்தார்.

"பின்னால படுத்திருக்கிறவரே பொறுமையா இருக்காரு. உங்களுக்கு என்ன அவசரம்?"

கண்ணாடி மேலே ஏறிக்கொண்டது.

கிர்ஸ்டன் போன் செய்தாள். பாதிரியார் நாலு மணிக்கு வேறு ஊருக்குக் கிளம்புகிறாராம். அவள் நடந்தே வருகிறாளாம். லோவெல் சரி என்றிருப்பார். ஆனால் சற்று முன்புதான், நடந்து கடக்கப் பார்த்த பேக்கரி மார்லிஸை நிறுத்தி, ஊர் கேட்க விதியைப் படித்துக் காட்டியிருந்தார். அவள் கையில் இருந்தது இதே கல்யாணத்துக் கேக். வெயிலில் அதன் மேலடுக்கு ஏற்கெனவே சரிந்திருந்தது.

"என் கேக்குக்கு ஒரு சட்டம், உன் பொண்ணுக்கு ஒரு சட்டமாப்பா லோவெல்?" என்றாள் மார்லிஸ். நின்றிருந்த கார்களிலிருந்து கைதட்டல் கேட்டது.

வயர்லெஸ்ஸில் மேலதிகாரியைப் பிடித்தார். கடைசி வண்டி வழி தப்பிவிட்டதாம், எப்படியும் வந்து சேருமாம், அதுவரை அசையக் கூடாதாம். வழி தெரியாதவன் கையில் யார் வண்டியைக் கொடுத்தது என்று லோவெல் வாய் நிறையத் திட்டினார்.

நாலு மணி நெருங்கியது. கிர்ஸ்டன் வெள்ளை கவுனைத் தூக்கிப் பிடித்தபடி இறங்கி வந்தாள். கண் மை கன்னம்வரை வழிந்திருந்தது.

"உனக்கு அந்த வண்டி பெருசா, நான் பெருசாப்பா?"

லோவெலின் ஓய்வூதியத்துக்கு இன்னும் இரண்டே வருஷம். போனால் போகட்டும் என்று தொப்பியைக் கழற்றினார், மகளைக் காரில் ஏற்றினார், தன் கையாலேயே தடுப்பை இழுத்து ஓரமாகப் போட்டார். மார்லிஸ்கூடக் கேக்கைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கி வழிவிட்டாள்.

பிறகு வேனின் கண்ணாடியைத் தட்டினார். "கொஞ்சம் ஓரம் கட்டுங்கப்பா. பின்னால கல்யாணப் பொண்ணு இருக்கா, அவ முதல்ல போகட்டும்."

ஓட்டுநர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். முகத்தில் நிஜமான வருத்தம்.

"மன்னிச்சுக்குங்க சார். எங்களைத் தாண்டி ஒரு வண்டியும் போகக் கூடாதுன்னு உத்தரவு. அதிபரோட வரிசையில கடைசி வண்டியே நாங்கதான்."