வரி சமாதானமும் வராத தம்பியும்

என்றும் என் வணக்கத்துக்குரிய அக்காவுக்கு,

கடல் தாண்டிய தம்பி எழுதுவது. இங்கே நானும் என் இருமலும் சௌக்கியம். அங்கே நீயும் உன் கோபமும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கண் ஆபரேஷனுக்கு டாக்டர் தேதி குறித்துவிட்டார், அத்தான் போன பிறகு வீட்டில் யாருமில்லை, கட்டுப் பிரிக்கும்போது நீயாவது பக்கத்தில் இரு என்று சொல்லியிருந்தாய். நான் வராத காரணம் உனக்குத் தெரியாததல்ல. மெத்தைக் கடையை இழுத்து மூடியபோது மாநில அரசுக்குக் கட்டாமல் விட்ட விற்பனை வரிதான். நோட்டீஸ் வந்த வாரமே விமானம் ஏறியவன் நான். அன்றிலிருந்து ஊருக்கு வரலாம் என்று நினைத்தாலே, விமான நிலையத்தில் யாரோ என் சட்டைக் காலரைப் பிடித்து ஓரமாக உட்காரவைப்பதுபோல் ஒரு காட்சி கண்முன் வந்து நிற்கும். அன்று மெத்தை விற்றேன், இன்று ஹோட்டல் சலவைக்கூடத்தில் இரவு முழுக்க ஆவிக்கு நடுவே படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறேன். மொத்தத்தில் அடுத்தவர் தூக்கத்துக்கே உழைக்கிறேன். என் தூக்கம் மட்டும் பகலில்.

அசலைக் கட்டினால் போதும், வட்டியும் அபராதமும் தள்ளுபடி, வெளிநாட்டில் இருப்பவர்கள் இருந்த இடத்திலிருந்தே கட்டலாம் என்று அரசு சமாதானத் திட்டம் அறிவித்திருப்பதாக நீ போனில் சொன்னதும், கெடு முடிவதற்குள் கட்டிவிட வேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். ஆனால் அந்த வரி அலுவலகம் திறக்கும் நேரம்தான் நான் வேலை முடிந்து வந்து கட்டிலில் விழும் நேரம். போனைக் காதில் வைத்துக்கொண்டே படுத்தேன். காத்திருக்கச் சொல்லி ஒரு புல்லாங்குழலை ஓடவிட்டார்கள். ஜன்னல் திரை மெல்ல உப்பி அடங்க, நம் கடை மெத்தைகளெல்லாம் வரிசையாக ஓர் ஆற்றில் மிதந்து வந்தன. ஒன்றின்மேல் வரி அதிகாரி செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். "வரி கெடக்கட்டும்ப்பா, இந்தப் பஞ்சு எங்க வாங்குன?" என்றார். நெகிழ்ந்துபோய் நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"சார், லைன்ல இருக்கீங்களா? குறட்டை கேக்குது" என்றது ஒரு பெண் குரல். அலுவலகத்தில் வேலை பார்க்கும் கிளார்க் அம்மா.

"இருக்கேம்மா. உங்க அதிகாரி இப்பதான் பஞ்சு பத்தி விசாரிச்சாரு."

அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. பிறகு, "முகம் கழுவிட்டு வாங்க சார், நான் காத்திருக்கேன்" என்றார்.

கழுவிவிட்டு வந்து அவர் சொல்லச் சொல்லக் கம்ப்யூட்டரில் அமுக்கினேன். கடைசியில் பணம் கட்டும் இடத்தில் ஓடிபி கேட்டது. அது போய்ச் சேர்ந்ததோ, கடை நடத்திய காலத்தில் நான் வைத்திருந்த பழைய நம்பருக்கு. வேறு வழியில்லாமல் அந்த நம்பருக்கே போன் போட்டேன். எடுத்தவர் ஒரு பள்ளிக்கூட வேன் டிரைவர்.

"மெத்தைக் கடைக்காரரா? உங்களத்தாங்க தேடிட்டிருக்கேன். வரியக் கட்டு, வரியக் கட்டுன்னு எனக்குத்தான் மெசேஜ் வருது. எங்கயோ ரகசியமா கடை வச்சிருக்கேன்னு என் சம்சாரம் பேச்சையே நிறுத்திட்டா."

மன்னிப்புக் கேட்டுவிட்டு ஓடிபியைக் கேட்டேன்.

"யார் கேட்டாலும் சொல்லக்கூடாதுன்னு அதுலயே போட்டிருக்குதுங்களே."

"அண்ணே, அடுத்தவன் வரியக் கட்டுறதுக்கு எவனாவது ஏமாத்துவானா?"

அவருக்கு அது நியாயமாகப் பட்டது. வண்டியை ஓரங்கட்டி எண்களைப் படித்தார். பின்னால் இருந்த பிள்ளைகள் வாய்ப்பாடு மாதிரி அதைத் திருப்பிச் சொன்னார்கள். அந்தக் கோரஸைக் கேட்டுத்தான் அக்கா, உன் தம்பி வரி கட்டினான். இப்போதும் கண் செருகும்போது அந்தக் குரல்கள் எங்கிருந்தோ வருகின்றன.

ஆனால் பாக்கி இல்லை என்ற சான்றிதழ் இன்னும் பெரிய அதிகாரியின் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது. அது கைக்கு வராமல் விமானம் ஏறுவது புத்திசாலித்தனமில்லை. ஆகவே ஆபரேஷனுக்குப் பக்கத்து வீட்டு டீச்சரைத் துணைக்கு வைத்துக்கொள். தலைக்குக் குளிக்காதே, குனியாதே, என்னை நினைத்து அழாதே, கண்ணுக்கு ஆகாது. டீச்சரை விசாரித்ததாகச் சொல். நீ தீர்க்காயுசாக இருந்து என்னைத் திட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

உன் காலில் விழுந்து வணங்கும்,
தம்பி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் கிளார்க் அம்மா கூப்பிட்டார். சான்றிதழ் இன்னும் வரவில்லையாம். அது இல்லாமல் விமான நிலையத்தில் விடுவார்களா என்று கேட்டேன். "இந்த பாக்கிக்கெல்லாம் யாரையும் புடிக்கிறதில்ல சார். பாதிக் கடைத்தெரு பாக்கி வச்சிருக்கு, எல்லாரும் தினம் என் ஜன்னலத் தாண்டித்தான் போறாங்க. இதுக்காகவா ஊருக்கே வராம இருந்தீங்க?" என்றார். போனை வைத்துவிட்டு வெகுநேரம் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகு டிக்கெட் எடுத்தேன். இந்தத் தபால் வரும்போது வாசலில் நின்று வாங்கப்போவது நானாகத்தான் இருக்கும். உன் கண்ணில் கட்டு இருக்குமாதலால் நானே படித்துக் காட்டுகிறேன். முழுவதும் கேட்டுவிட்டுத் திட்டு.