இஞ்சி அண்ணையின் ஏழு சாடிகள்

கொழும்பு முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும், வெயில் வராத அறைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்ற மனிதர் இஞ்சி அண்ணை ஒருவர்தான் அகப்படுவார்.

யுத்த காலம். வெள்ளவத்தையில் கடலை நோக்கி இறங்கும் ஓர் ஒழுங்கையில் எங்கள் லொட்ஜ். கீழ்த்தட்டுக் கடைசி அறையின் ஒரே ஜன்னல் பக்கத்து வீட்டு மதிலைப் பார்த்தபடி இருக்கும். பகலிலும் லைட் போட வேண்டும். வேறு இடம் கிடைக்காமல் நான் அதில் கிடந்தேன். அறையில் பாதியைக் கேட்டு, ஹார்ட்வெயார் கடையில் பில் எழுதும் ஒருவர் வந்தார். எட்டிப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

"தம்பி, ஒரு துண்டு வெயிலும் வராதோ?"

"வராது அண்ணை."

"பின்னேரத்திலயும்?"

"எப்பவும் வராது." சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது.

"அப்ப இதுதான் அறை."

அன்றைக்கே வந்து இறங்கினார். பெட்டி ஒன்று, பூச்சாடிகள் ஏழு.

ஏழும் இஞ்சி. சமைக்கிற இஞ்சி அல்ல, அழகுக்கு வளர்க்கிறது. ஒன்றின் இலையில் மயிலிறகுக் கண்கள்; அது மயிலிஞ்சி. இன்னொன்றில் மஞ்சள் பூக்கள் ஜிமிக்கி மாதிரித் தொங்கின. நேர் வெயில் பட்டால் இலை கருகிவிடும், காற்றும் ஈரமாக இருக்க வேண்டும். ஆகவே ஃபான் சுவரைப் பார்த்துத் திரும்பியது. உடுத்துத் துவைத்த சாரங்கள் பிழியாமல் ஈரத்தோடு அறைக்குள் தொங்கின. என் ஒபிஸ் சப்பாத்தில் பூஞ்சணம் பூத்தது. கோபத்தோடு தூக்கிக் காட்டினேன்.

"பாத்தீரோ, ஈரம் சரியாய் இருக்கு" என்று பூரித்துப்போனார்.

புது இலை விரிந்தால் லொட்ஜுக்கே அறிவிப்பு வரும். மேல்மாடியில் விசாவுக்குக் காத்திருந்தவர்கள் வரிசையில் வந்து பார்த்துவிட்டு, அவர் தரும் பிளேன்டீயைக் குடித்துவிட்டுப் போவார்கள்.

தையில் மழை விட்டதும் இலைகள் மஞ்சளாகிச் சாய்ந்தன. மாசிக்குள் ஏழு சாடியிலும் வெறும் மண். லொட்ஜே வந்து துக்கம் விசாரித்தது.

"சாகேல்லை. கிழங்கு உறங்குது, மழைக்கு எழும்பும்" என்றார் அண்ணை. "ஒருத்தரும் தண்ணி ஊத்தக் கூடாது. கிண்டவும் கூடாது, முளை முறிஞ்சிடும்."

மயிலிஞ்சி அவரிடம் உறங்குவது அதுதான் முதல் தடவை. எழும்புமோ என்ற பயம் அவருக்கும் இருந்தது. பல் விளக்கும் முன்னரே அதைத்தான் போய்ப் பார்ப்பார்.

எது எதுவென்று மறக்காமல் இருக்க, சாடிக்கொரு ஐஸ்கிறீம் குச்சி குத்தினார். குச்சியில் கிழங்கு கிடைத்த ஊரும் அது உறங்கப் போன திகதியும், ஆங்கிலத்தில், பில் எழுதும் அழகான கையெழுத்தில். கண்டி. காலி. மாத்தளை. யாழ்ப்பாணத்து அடையாள அட்டையோடு இருட்டறையில் இருக்கும் ஒருவர் அந்த நாட்களில் இப்படி ஊரும் திகதியுமாக, குண்டு வைக்கும் பட்டியல் மாதிரி, எழுதி வைக்கலாமா என்று எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பங்குனியில் ஒரு காலை செக்கிங் வந்தது. பொலிஸ் அதிகாரி குச்சிகளை ஒவ்வொன்றாக வாசித்தார். முகம் மாறியது.

"மே மொகக்த?" இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார்.

யாராவது சாடிகளைப் பற்றிக் கேட்டால் அண்ணைக்குத் தலைகால் புரியாது. "இங்குரு, மாத்தயா" என்றார் உற்சாகமாக.

"கோ இங்குரு?" எங்கே இஞ்சி?

"யட தியெனவா" என்றார் அண்ணை. கீழே இருக்கிறதாம்.

ஒரு பொலிஸ்காரர் கம்பியால் மயிலிஞ்சிச் சாடியைக் குத்தப் போனார். அண்ணை சாடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அடையாள அட்டையைக் கேட்டபோதும் கையை எடுக்கவில்லை. அப்படியே ஜீப்பில் ஏற்றினார்கள். மற்ற ஆறு சாடிகளும் பின்னால் ஏறின.

அப்படிப் போன எல்லோரும் திரும்பி வந்த காலம் அல்ல அது. லொட்ஜ்காரரும் நானும் பின்னேரம் வரை பொலிஸ் நிலைய வாசலில் நின்றோம். கடைசியில் உள்ளே விட்டார்கள்.

ஆறு சாடிகளையும் கொட்டிப் பார்த்தாகிவிட்டது. கொட்டிய கிழங்குகளை அண்ணை பேப்பரில் பக்குவமாக அடுக்கி, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதனதன் குச்சியை வைத்திருந்தார். முதலில் உட்கார வைத்த வாங்குப் பலகையில் வெயில் விழுகிறது என்று சார்ஜனிடம் சொல்லி இடமும் மாறியிருந்தார். மயிலிஞ்சி மட்டும் இன்னும் மடியில் இருந்தது. கம்பி வேண்டாம், என் விரலால் கிண்டுகிறேன் என்று கெஞ்சி அனுமதி வாங்கியிருந்தார்.

அதிகாரி பார்த்திருக்க, அண்ணை மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினார். விரல் நின்றது. கிழங்கின் ஓரத்தில் அரிசிமணி அளவில் ஒரு வெள்ளை முளை.

எழுந்து நின்று மூன்று பாஷையிலும் அறிவித்தார். சார்ஜன் கதிரையை விட்டு வந்து பார்த்தார். அதிகாரி முளையையும் அண்ணையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "யன்ன" என்றார். போகலாமாம். சொல்லும்போது சிரித்தாரா என்பது எனக்குத் தெரியாது. கண்ணைக் கண்ணீர் மறைத்திருந்தது.

வாசலில்தான் அண்ணை என் முகத்தைக் கவனித்தார்.

"நீர் ஏன் காணும் அழுகிறீர்? அதுதான் முளை வந்திட்டுதே."

இந்த மனிதர் இல்லாத அறைக்கு எப்படித் திரும்பிப் போவேன் என்று காலையிலிருந்து உருகிக்கொண்டிருந்ததை அவரிடம் எப்படிச் சொல்வது?

"ஓம் அண்ணை, அதுதான்" என்று சொல்லி, வெயில் படாமல் சாடிக்கு என் குடையைப் பிடித்தேன்.